யோகலிங்கத்தின் சிவப்புப் பொட்டு

அன்புவழிபுரத்தில் என்னுடைய போட்டோக்கொப்பிக் கடைக்கும் யோகலிங்கம் அண்ணையின் திருத்தும் கடைக்கும் இடையில் சுவர் கிடையாது. ஒரு பலகைத் தட்டிதான். அவர் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் தேநீர்க் கோப்பை ஆடும். பதினாறு வருடங்களாக இதே நிலைதான். அதனால் அவரைப் பற்றி நான் எழுதுவதில் பாதி கண்டது, மீதி தட்டிக்குள்ளால் கேட்டது. யாரோ சொல்லித் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஆள் கட்டை. நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி, தலையில் பட்டி போட்டுக் கட்டிய இன்னொரு பூதக்கண்ணாடி. யாராவது கடைக்கு வந்தால் அந்தப் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் பார்ப்பார். வந்தவர் முக்கியமானவர் இல்லையென்றால் தள்ள மாட்டார். அப்படியே பெருத்த கண்களோடு கதைப்பார். என்னோடு முதல் நாலு வருடமும் அப்படித்தான் கதைத்தார்.

டிவி, ரேடியோ திருத்துகிறவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். இவர் திருத்துவது தொழிற்சாலைப் பெட்டிகள். ஐஸ் தொழிற்சாலை, கந்தளாய் அரிசி ஆலைகளின் லொறி நிறுக்கும் தராசு, நிலாவெளி ஹோட்டல்களின் தண்ணீர்ப் பம்பு, இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் பச்சைப் பலகைகள். கடற்காற்றில் உப்பு ஏறியும் மாரி இடியில் கருகியும் அவை வரும். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சிப் செத்திருக்கும். அதே இலக்கச் சிப் கொழும்பிலிருந்து கூரியரில் வர ஆறு நாள் ஆகும். கொழும்பிலும் இல்லாவிட்டால் சீனாவிலிருந்து ஒன்றரை மாதம். ஐஸ் உருகாமல் ஒன்றரை மாதம் காத்திருக்குமா? ஆகவே கையில் இருப்பதில் எது அதன் இடத்தில் நின்று பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதே இங்கே பெரிய கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனத்தில் இந்த மாவட்டத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை.

அதற்கு அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. தடித்த மட்டை, ஓரமெல்லாம் கறுத்துப்போனது. ஒரு சிப்புக்குப் பதில் இன்னொன்றைப் போட வேண்டுமென்றால் முதலில் கால்களின் ஒழுங்கைப் பார்ப்பார், பிறகு வோல்ட்டைப் பார்ப்பார். கடைசியாகப் பார்ப்பது அது வெளியே எவ்வளவு மின்னோட்டம் தள்ளும் என்பதை. அவருக்கு அதுதான் உயிர். இன்டர்நெட்டில் அந்தச் சிப்பின் விபரத்தாளை என்னை எடுக்கச் சொல்லுவார். இருபது, முப்பது பக்கம் இருக்கும்.

"முழுக்க வேண்டாம் சுதா. அந்த நம்பர் இருக்கிற பக்கம் மட்டும் அடி."

அடித்துக் கொடுப்பேன். என் கத்திரிக்கோலையே வாங்கி, அந்தப் பக்கத்திலிருந்து மின்னோட்டம் எழுதியிருக்கும் ஒற்றை வரியை மட்டும் நாடா மாதிரி வெட்டி எடுப்பார். பழைய சிப்பின் நாடா மேலே, புதியதின் நாடா கீழே, கொப்பியில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் "சரி" என்று எழுதுவார். வெட்டியது போக மிச்சம் என் கடை நிலத்தில் கிடக்கும். கூட்டி அள்ளுவது நான். நானூற்றுப் பன்னிரண்டு சோடி நாடாக்கள் அப்படி ஒட்டியிருந்தார். நம்பரைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் கம்பனிக்காரன் அடிக்கிற அலட்டல் என்பது அவருடைய கொள்கை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தான் மாற்றிய சிப்பின் முதுகில் மனைவி கமலேஸ்வரி அக்கா நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு பொட்டு வைப்பார். அவர் கையெழுத்து அது. ஆரம்பத்தில் வேறு யாரும் கழற்றிவிட்டுத் தன் தலையில் பழி போடக்கூடாது என்பதற்காகத்தான் வைத்தார். காலப்போக்கில் அதன் அர்த்தம் மாறிப்போனது. எந்த ஆலையில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் சிவப்புப் பொட்டு இருந்தால் அந்த இடத்தை ஒருவரும் சோதிப்பதில்லை. "அது யோகலிங்கத்தார் பார்த்தது, அங்க பிழை இராது" என்று தாண்டிப் போய்விடுவார்கள். கொழும்பிலிருந்து வரும் எஞ்சினியர்கள்கூட. இதைச் சொல்லும்போது அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி இல்லாமலே கண் பெருக்கும்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வாங்கிய வேலையைச் சொன்ன நாளில் கொடுப்பார், யாருடைய பொருளையும் மாற்றி ஏமாற்ற மாட்டார். புகழ்ச்சி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்காதவர் யார்?

போன வருடம் கார்த்திகையில் ஒரு பெரிய இடி விழுந்தது. கொட்பேயில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு தனியார் குளிரறை நிலையத்தின் பெட்டி அதில் போய்விட்டது. அங்கே பதினொரு குளிரறைகள். ஒவ்வோர் அறையிலும் வெப்பநிலை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று. பதினொன்றையும் இரண்டே இரண்டு நீளமான கம்பிகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போய் அலுவலகப் பெட்டியில் முடிகின்றன. அலுவலகப் பெட்டி ஒவ்வோர் அறையையும் இலக்கம் சொல்லிக் கூப்பிடும், அந்த அறை தன் வெப்பநிலையைச் சொல்லும், திரையில் விழும். கூப்பிடுவதும் பதிலைக் கேட்பதும் எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப்பின் வேலை. அதுதான் கருகியிருந்தது.

நிலையத்தின் மனேஜர் சஜீத் பெட்டியை ஓட்டோவில் வைத்துத் தானே கொண்டுவந்தார். அதே சிப் அண்ணையிடம் இல்லை. ஒரே கால் ஒழுங்குள்ள வேறொன்று இருந்தது. கொப்பியைப் புரட்டினார். பழைய சிப்பின் நாடா முன்பே ஒட்டியிருந்தது: அறுபது மில்லியம்பியர். புதியதின் விபரத்தாளை நான் எடுத்தேன். நாலாம் பக்கம் மட்டும் அடிக்கச் சொன்னார். அதில் இருந்த எண் இருநூற்றைம்பது.

"நாலு மடங்கு பலம், சுதா," என்றார். "பழசு ஆட்டுக்குட்டி. இது எருமை."

வெட்டினார், ஒட்டினார், "சரி" என்று எழுதினார். பொட்டு வைத்தார். பின்னேரமே சஜீத் பெட்டியைக் கொண்டுபோனார். கார்த்திகை முடிவதற்குள் அந்த விஷயம் எங்கள் இருவருக்கும் மறந்துபோனது.

டிசம்பர் இரண்டாவது கிழமை சஜீத் அதே பெட்டியோடு மறுபடி வந்தார். கடைசி மூன்று அறைகளின் எண்கள் திரையில் இடைக்கிடை காணாமல் போகின்றனவாம். ஆனால் அது காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரையான வேலை நேரத்தில் மட்டும்தானாம். மற்ற நேரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லையாம்.

"அந்த நேரத்துக்கு இருக்கிற பிள்ளை எதையோ நோண்டுதோ தெரியேல்லை. இல்லாட்டி பதியாம விட்டிட்டு மெசினில பழியைப் போடுது," என்றார் சஜீத். "மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெப்பநிலை எழுதின தாள் இல்லாட்டி வெளிநாட்டுக்காரன் மீனைத் திருப்பி அனுப்புவான். போன கிழமை ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தனான். நீங்கள் மெசினைச் சோதிச்சு ஒரு கடிதம் தாங்கோ அண்ணை."

அண்ணை சோதித்தார். தன் மேசையில் வைத்து, ஒரு மீற்றர் கம்பியில் ஒரேயொரு கருவியைப் பூட்டி, இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டார். ஒரு எண்கூடத் தவறவில்லை. பொட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அது அவருடைய பொட்டல்லவா.

கடிதத்தை நான்தான் தட்டச்சுச் செய்தேன். "இயந்திரத்தில் எவ்விதப் பிழையும் இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். சஜீத் கேட்டார் என்று இன்னொரு வசனமும் சேர்த்தோம்: "கையாள்பவரின் கவனயீனமே காரணமாக இருக்கலாம்." அந்தக் கையாள்பவர் யார், அவருக்கு என்ன பெயர், இதனால் அவருக்கு என்ன வரும் என்று அண்ணை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தரம் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணியளவில் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தலையை மூடிய கறுத்தத் துணி, கையில் ஒரு சின்னக் கொப்பி. பெயர் பஹ்மியா என்று பிறகு தெரிந்தது. கிண்ணியாவிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் கொட்பேக்கு வேலைக்கு வந்து போகிறவள். வாப்பா படுக்கையில். வீட்டில் உழைக்கிறவள் அவள் மட்டும்தான். அதில் பதினாலு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுக்க வேண்டும் என்றாள். வியாழக்கிழமை விசாரணையாம். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் ஆகிவிட்டதாம், இதில் தப்பினால்தான் வேலையில் இருப்பாளாம்.

"இந்தக் கடிதத்தையும் ஒண்டு எடுங்க அக்கா," என்று மடித்த தாளொன்றை நீட்டினாள். "ரெண்டாவது எச்சரிக்கையோட இதைக் குத்தித் தந்தாங்க. இந்த யோகலிங்கம் எண்டவர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமா?"

நான் தட்டச்சுச் செய்த கடிதம். யோகலிங்கம் அண்ணை அப்போது என் கடைக் கதிரையில்தான் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர் பேப்பரை மடித்தார். "நான்தான்," என்றார்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொப்பியை விரித்து அவர் முன்னால் வைத்தாள். எண்கள் மறைந்த ஒவ்வொரு தரமும் நேரம் எழுதியிருந்தாள். பக்கத்தில், அந்த நேரத்தில் எந்தெந்தக் கொம்பிரசர்கள் ஓடின என்று எழுதியிருந்தாள். திரை வெறுமையானதும் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒன்பதாம், பத்தாம், பதினோராம் அறைகளுக்கு நடந்து போய்க் கருவியின் முகத்தில் தெரிந்த எண்ணைக் கண்ணால் பார்த்து எழுதியதும் இருந்தது. சஜீத் அதை இருந்த இடத்தில் இட்டுக்கட்டி எழுதியது என்று தள்ளிவிட்டாராம்.

"மூண்டு கொம்பிரசரும் ஒண்டா ஓடக்குள்ளதான் போகுது ஐயா. மீன் ஏத்துறது என்ட நேரத்திலதான். கதவு திறந்து திறந்து பூட்டுற நேரம் மூண்டும் ஓடும். மத்த நேரம் ஒண்டுதான் ஓடும். அதனாலதான் எனக்கு மட்டும் போகுது."

"தங்கச்சி, நான் சோதிச்சனான். ரெண்டு மணித்தியாலம். ஒண்டும் போகேல்லை. நான் பொட்டு வச்ச இடத்தில பிழை வந்ததெண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு கதை இல்லை."

"உங்கட பொட்டுல பிழையெண்டு நான் சொல்லல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. நானே காட்டுறன்."

போட்டோக்கொப்பிகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அண்ணை எழும்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒருக்காப் போய் அந்தப் பிள்ளையின்ர வாயை அடைச்சுப்போட்டு வாறன்," என்றார். எனக்கு அப்போதே கோபம் வந்தது. ஒருத்தியின் வேலை போகப்போகிறது, இவருக்குப் பொட்டுத்தான் பெரிது. ஆனால் வாய் திறக்கவில்லை. கடிதம் தட்டியவள் நான்.

செவ்வாய்க்கிழமை அவர் கொட்பேக்குப் போனபோது நடந்ததை அவர் வாயாலேயே பின்னேரம் கேட்டேன். முதலில் வழக்கம்போல் அலுவலகப் பெட்டியில் அளந்தார். நல்லாகவே இருந்தது என்று சொல்லிக் கருவிகளை மூட்டை கட்டினார். பஹ்மியாதான் விடவில்லை. "இங்க இல்லையே ஐயா போறது. அங்கதான் போகுது," என்று கடைசி அறையைக் காட்டினாள். இவ்வளவு வருடத்தில் அவர் எந்தத் தொழிற்சாலையிலும் கம்பியின் மறுமுனைக்குப் போனதில்லை. பெட்டி அவரிடம் வரும், அவர் பெட்டியிடம் போவதில்லை. அன்று குளிர்ச்சட்டை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு பதினோராம் அறைக்கு நடந்தார். பத்து மணி பத்து நிமிடத்துக்கு மூன்றாவது கொம்பிரசர் தொடங்கியது. அவருடைய அளவுக் கருவியில் அலுவலகம் கூப்பிடும் சத்தம் ஏற்கெனவே சோர்ந்துபோய்த்தான் வந்துகொண்டிருந்தது. கொம்பிரசரின் இரைச்சல் ஏறியதும் அது அதற்குள் அமுங்கிப்போனது. கூப்பிட்டது கேட்காதபடியால் பதினோராம் அறை பதில் சொல்லவில்லை. பிறகு பத்து, பிறகு ஒன்பது.

"எருமை எண்டு நினைச்சன், சுதா," என்றார்.

முகம் செத்துப்போயிருந்தது. கதிரையை என் கொம்பியூட்டருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். அந்தச் சிப்பின் விபரத்தாளை மறுபடி எடுக்கச் சொன்னார்.

"நாலாம் பக்கமா?"

"இல்லை. முழுக்க அடி. இருபத்திநாலு பக்கமும்."

பதினாறு வருடத்தில் அவர் முழுத்தாளை வாசித்து நான் கண்டது அன்றைக்குத்தான். நாலாம் பக்கத்தில் இருநூற்றைம்பது இருந்த வரிக்கு மேலே, அவர் வழமையாக வெட்டி எறிகிற இடத்தில், ஒரு தலைப்பு இருந்தது. இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் சிப் எரிந்துபோகாமல் தன்னைத்தானே எந்த அளவில் கட்டுப்படுத்தும் என்பதுதான் அந்த எண். வேலை செய்யும் அளவு அது இல்லை. வேலை செய்யும் அளவு ஆறாம் பக்கத்தில் இருந்தது. இருபது. அந்த நீளக் கம்பிக்கும் பதினொரு கருவிக்கும் குறைந்தது முப்பதாவது வேண்டும். பழைய சிப்பின் அறுபது உண்மையாகவே வேலை செய்யும் அளவு. அதை வேறொரு அட்டவணையிலிருந்து வெட்டியிருந்தார்.

எனக்கு விளங்குவதற்காக அவரே சொன்னார்: "ஒரு ஆள் நாள் முழுக்கச் சுமக்கிற மூட்டையின்ர நிறை ஒண்டு. அதுக்கு மேல வச்சா இடுப்பு முறியும் எண்டிற நிறை வேற. நான் ஒராளின்ர மூட்டையையும் மற்றாளின்ர இடுப்பையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்த்திருக்கிறன்."

நான் கூட்டி அள்ளிக் கொட்டிய தலைப்புகள் எனக்கு ஞாபகம் வந்தன. நானூற்றுப் பன்னிரண்டு சோடி. அந்தக் கொப்பியில் ஒரு நாடாவிலும் தலைப்பு இல்லை.

புதன்கிழமை விடியவே கந்தளாய்க்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு அரிசி ஆலையில் கழித்துப்போட்ட தராசுப் பலகையில் அதே பழைய இலக்கச் சிப் இருந்தது அவருக்குத் தெரியும். அதைக் கழற்றிக்கொண்டு நேரே கொட்பேக்குப் போய்ப் பூட்டினார். மூன்று கொம்பிரசரும் ஓட, பதினொரு எண்ணும் திரையில் அசையாமல் நின்றன. பொட்டு வைக்கவில்லை. சஜீத் ஏன் என்று கேட்டதற்குக் கியூட்டெக்ஸ் முடிந்துவிட்டது என்று சொன்னாராம்.

சஜீத்துக்கு அண்ணையில் மதிப்பு அதிகம். அவரைத் தனியே கூப்பிட்டு வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: "உங்களில பிழையெண்டு என்னத்துக்கு எழுதுறியள் அண்ணை? சிப் பழுதாகிப்போச்சு, மாத்தியாச்சு எண்டு ஒரு கடிதம் தாங்கோ. நான் நாளைக்கு அதை வச்சு விசாரணையை முடிச்சுப்போடுறன்."

பின்னேரம் அந்தக் கடிதத்தைத் தட்ட என்னிடம் வந்தார். "சிப் பழுதடைந்திருந்தமை கண்டறியப்பட்டு மாற்றப்பட்டது. இயந்திரம் தற்போது சீராக இயங்குகிறது." இவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நல்ல கடிதமாகத்தான் பட்டது. பிள்ளையும் தப்பும், அண்ணையின் பெயரும் தப்பும், என் தட்டச்சும் தப்பும். பஹ்மியாவை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார், தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று.

அவள் நின்றுகொண்டே வாசித்தாள். இரண்டாம் தரம் வாசித்தாள். பிறகு தன் பையிலிருந்து முதல் கடிதத்தை எடுத்து இரண்டையும் என் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது பதினோராம் திகதி ஐயா. அண்டைக்கு மெசின்ல பிழையில்லையெண்டு எழுதி இருக்கீங்க. இதுல சிப் பழுதாகிப் போச்செண்டு எழுதி இருக்கீங்க. அப்ப பதினோராம் திகதிக்குப் பிறகுதான் பழுதாகி இருக்கணும், இல்லையா?"



"எனக்கு முதல் எச்சரிக்கை தந்தது மூணாம் திகதி. அண்டைக்குச் சிப் நல்லாத்தானே இருந்திருக்கு. அப்ப மூணாம் திகதி நான் பொய் எழுதினனான்தான். நாளைக்கு இதைக் கேட்டா நான் என்ன சொல்ல?"

நானும் இருபத்தைந்து வருடமாகக் கடிதம் தட்டுகிறேன். இந்த ஓட்டை என் கண்ணில் படவில்லை. அவள் கண்ணில் பட்டதற்குக் காரணம் அந்த ஓட்டைக்குள்ளால் விழப்போகிறவள் அவள் என்பதுதான்.

யோகலிங்கம் அண்ணை பூதக்கண்ணாடியைத் தலையிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். வெளியே வீதியைப் பார்த்தார். ஒரு மீன்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு போனான். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடம் தேடிய பெயர். தன் பிழை என்று எழுதிய கடிதம் சஜீத்தின் கோப்பில் இருந்தால் கதை மறுநாள் கந்தளாய்க்குப் போகும், அடுத்த கிழமை நிலாவெளிக்குப் போகும். எனக்கு அவரில் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையில் அதைவிடப் பாவமாக இருந்தது.

"அழி, சுதா," என்றார். "நான் சொல்லச் சொல்ல அடி."

அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தேன்:

"கார்த்திகை இடிக்குப் பிறகு, நவம்பர் பன்னிரண்டாம் திகதி நான் பூட்டிய சிப் பழுதானதல்ல. அது அந்த வேலைக்குப் பலம் போதாதது. பொருத்தமில்லாத இரண்டு எண்களை ஒப்பிட்டு அதைத் தெரிவு செய்தது என்னுடைய பிழை. பூட்டிய நாள் தொடக்கம் மூன்று கொம்பிரசர்களும் ஓடும் நேரங்களில் கடைசி மூன்று அறைகளின் எண்கள் மறைந்திருக்கும். பஹ்மியா எழுதிய நேரங்கள் அனைத்தும் அதனோடு ஒத்துப்போகின்றன. இயந்திரத்தில் பிழையில்லை என்று நான் முன்பு தந்த கடிதமும் பிழை. பெட்டியை அது இருக்கும் இடத்தில் சோதிக்காமல் என் மேசையில் சோதித்து அந்தக் கடிதத்தை எழுதினேன்."

 கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் அதை வாசித்துவிட்டு மடித்து, தன் சின்னக் கொப்பிக்குள் வைத்தாள். "நன்றி" என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

வியாழக்கிழமை விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்ததாம். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களையும் சஜீத் அவள் முன்னாலேயே திரும்பப் பெற்றார். அவளுடைய கையெழுத்துப் பதிவுகளையும் மீன் தாள்களோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அண்ணை பயந்தது நடக்கத்தான் செய்தது. தைப்பொங்கலுக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. பெட்டியைத் திறந்தால் பொட்டுள்ள இடத்தைத்தான் இப்போது முதலில் சோதிக்கிறார்கள். இரண்டு ஆலைகள் கொழும்புக்காரருக்கு வேலையைக் கொடுத்துவிட்டன. அவர் கொப்பியை முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு சோடிக்கும் முழு விபரத்தாள், ஒவ்வொரு தாளுக்கும் தலைப்போடு சேர்த்து வாசிப்பு. என் அச்சு இயந்திரம் மாசிக்குள் இரண்டு தரம் நின்றது. நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்பது சோடி பிழை என்று கண்டார். ஒன்பது இடத்துக்கும் தானே பஸ்ஸிலும் ஓட்டோவிலும் போய், கூப்பிடாமலே கதவைத் தட்டி, சிப்பை மாற்றிவிட்டு வந்தார். ஒரு இடத்தில் அவரைப் பைத்தியம் என்று நினைத்து உள்ளே விடவில்லை. கியூட்டெக்ஸ் போத்தல் கமலேஸ்வரி அக்காவிடம் திரும்பிப் போனது. அதற்குள் அது காய்ந்து கட்டியாகிவிட்டது என்று அக்கா அதற்கும் ஏசினார்.

வைகாசியில் கொட்பேயிலிருந்து சஜீத் மறுபடி கூப்பிட்டார். ஐந்தாம் அறைக் கருவியில் உப்புப் பிடித்துவிட்டதாம். வெப்பநிலை எழுதும் தாள்கள் ஆயிரம் அடித்துத் தரச் சொல்லி எனக்கும் ஓடர் இருந்தது. இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் போனோம்.

நாங்கள் போனபோது பத்து மணி. லொறியில் மீன் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று கொம்பிரசரும் ஓடின, காது அடைத்தது. அண்ணை முதல் வேலையாகத் திரையைப் பார்த்தார். ஐந்தாம் அறையைத் தவிரப் பத்து எண்களும் அசையாமல் நின்றன. அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்ததை நான் கண்டேன்.

அந்த நேரம் பஹ்மியா ஆணியில் தொங்கிய குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பியும் பேனையுமாக அறைகள் இருக்கும் நடைக்குப் புறப்பட்டாள். எங்களைக் கண்டு தலையாட்டினாள்.

"எங்க போறீங்கள், பிள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

"பதினோராம் அறைக்கு. பத்து மணிப் பதிவு."

"அதுதான் திரையில வருதே?"

"ஓம் ஐயா, வருது."

"பிறகேன் நடக்கிறீங்கள்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"அண்டைக்கும் வந்ததுதானே ஐயா, உங்கட மேசையில."

 யோகலிங்கம் அண்ணை கருவிப் பையைக் கதிரையில் வைத்தார். ஆணியில் இருந்த இன்னொரு குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் பதினோராம் அறைக்கு நடந்து போனார்.